நேர்முகத் தேர்வு கடலுக்கு அந்தப் பக்கம்: போகலாமா, வேண்டாமா?

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடிவுகள் வந்து சில வாரங்கள் ஆனதும், எங்கள் வானொலி நிலையத்துக்கு வரும் அழைப்புகளின் தொனியே மாறிவிடும். அதுவரை பாட்டு கேட்டு அழைத்த அம்மாக்கள், பிள்ளைகளின் மேற்கல்வியைப் பற்றிக் கேட்க ஆரம்பிப்பார்கள். அவற்றில் ஒரு கேள்வி ஆண்டுதோறும் தவறாமல் வரும். "மகளுக்கு டாக்டர் படிப்புக்கு இண்டர்வியூ வந்திருக்கு. ஆனா இடம் ரொம்ப தூரம், கம்பத்துப் பக்கம். அனுப்பலாமாம்மா?"

நான் கல்வி ஆலோசகர் இல்லை. ஊடகத் துறையில் பட்டம் பெற்று, பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒலிவாங்கி முன் உட்கார்ந்திருப்பவள். ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் சொல்லச் சில விஷயங்கள் உண்டு. 2019-இல் என் சித்தி வீட்டிலேயே இதே கேள்வி எழுந்தது. நான்கு நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சித்தி மகளுக்கு சரவாக்கிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. அதே நேரத்தில், கிள்ளான் வீட்டிலிருந்து காரில் போய் வரும் தூரத்தில் இருந்த தனியார் கல்லூரி ஒன்றும் அவளுக்கு இடம் தரத் தயாராக இருந்தது. அந்தக் கல்லூரியில் சேர வேண்டுமானால் வீட்டை அடகு வைக்க வேண்டும். சரவாக் என்றால் கடல் கடந்து போக வேண்டும். சித்தப்பா இறந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மூத்தவள் இவள், அடுத்தவன் படிவம் மூன்றில் இருந்தான்.

தூரம் என்பது எதை?

முதல் நாள் பேச்சில், "அங்க நம்ம ஆளுங்க யாரு இருக்கா?" என்பதையே சித்தி திரும்பத் திரும்பக் கேட்டார். நியாயமான கேள்வி. சரவாக்கில் தமிழர்கள் மிகக் குறைவு. ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. கூச்சிங் பான் ஹோக் சாலையில் ஸ்ரீ சீனிவாசகர் காளியம்மன் ஆலயம் இருக்கிறது. கூச்சிங்குக்கு அருகிலுள்ள மாத்தாங் மலைமேல் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சார்லஸ் புரூக் ஆட்சியில், அங்கே தேயிலை, காப்பித் தோட்டங்கள் போடப்பட்டன. அவற்றில் வேலை செய்ய அழைத்துவரப்பட்ட நம்மவர்கள் கட்டிய கோயில் அது. தோட்டம் மூடப்பட்டதும் காடு கோயிலை மூடிக்கொண்டது. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் மீண்டும் கண்டுபிடித்தார்கள். இதைச் சொன்னபோது சித்தி கொஞ்சம் அமைதியானார். நமக்கு முன்பே யாரோ அங்கே போய் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது பயத்தைப் போக்காது. ஆனால் அதன் அளவைக் குறைக்கும்.

அடுத்து, தூரத்தை மணி நேரத்தில் அளந்து பார்த்தோம். கோலாலம்பூரிலிருந்து கூச்சிங்குக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. பண்டிகைக் கூட்டத்தில் கிள்ளானிலிருந்து குபாங் கிரியானுக்குப் பேருந்தில் போவதை எண்ணிப் பாருங்கள். வரைபடத்தில் அருகில் இருப்பது பயணத்தில் தூரமாக இருக்கலாம். சரவாக்கில் குடிநுழைவுச் சட்டம் தனி என்பதால், தீபகற்ப மாணவர்கள் அங்கே தங்கிப் படிக்க மாணவர் அனுமதி பெற வேண்டும். அது ஒரு நடைமுறை வேலை, அவ்வளவுதான்.

'கம்பத்துக் கல்லூரி' என்ற எண்ணம்

இரண்டாம் நாள் வந்த மாமா ஒருவர் வேறு கல்லைப் போட்டார். "நல்ல காலேஜ்னா பட்டணத்துலதானே இருக்கும்? அங்க போய் என்னத்தைக் கத்துக்கப் போறா?"

நம்மிடையே பரவலாக இருக்கும் எண்ணம் இது. உண்மை வேறு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 1979-இல் பினாங்கில் தொடங்கப்பட்டது. 1980-களில் படிப்படியாகக் கிளந்தான், குபாங் கிரியானுக்கு மாற்றப்பட்டது. சரவாக் பல்கலைக்கழகமான யூனிமாஸ் 1992-இல் உருவானது. அதன் மருத்துவப் புலம் 1995-இல் தொடங்கியது. வளாகம் கோத்தா சமராஹானில்; நோயாளிகளைப் பார்த்துப் பயில்வதற்குக் கூச்சிங்கில் சரவாக் பொது மருத்துவமனை இருக்கிறது. நம் சமுதாயம் நன்கறிந்த ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம்கூட கெடாவில் ஜெராய் மலையடிவாரத்தில், செமிலிங்கில்தான் நிற்கிறது.

இது திட்டமிட்டே செய்யப்படுவது. கிராமப்புறங்களில் மருத்துவர்களைத் தக்கவைப்பது எப்படி என்று உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் பரிந்துரைகள் வெளியிட்டு, 2021-இல் புதுப்பித்தது. கிராமத்துப் பிள்ளைகளை மருத்துவப் படிப்பில் சேருங்கள், கல்லூரிகளைப் பெரிய நகரங்களுக்கு வெளியே வையுங்கள், மாணவர்களைக் கிராமங்களில் பயிற்சி பெறச் செய்யுங்கள் என்பவை அவற்றில் அடங்கும். எங்கே கற்கிறார்களோ, அங்கே பணி செய்யும் மனமும் வளரும் என்பதுதான் கணக்கு.

மாமாவுக்குப் பதில் சொன்னது நான் அல்ல, தாத்தா. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "நம்ம தோட்டத்துல டிரெசர் மட்டும்தான் இருப்பாரு. டாக்டர் வர்ற நாள் வேற. அந்த நாள் வரைக்கும் நோயைக் காத்திருக்கச் சொல்லணும்" என்றார். பிறகு பேத்தியைப் பார்த்து, "அந்த ஊரு சனங்களும் அப்படித்தானே காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார். மாமா மேற்கொண்டு பேசவில்லை.

மூன்றாம் நாள்: கணக்கு

பணம் பேசாமல் இந்த முடிவை யாரும் எடுக்க முடியாது. தனியார் மருத்துவப் படிப்புக்கு மூன்று இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் கல்லூரிகள் உண்டு. அரசுப் பல்கலைக்கழகத்தில் செலவின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. சித்தி ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் இரண்டு பத்தி போட்டு எழுதினார். ஒரு பக்கம் வீட்டுக் கடன், அதன் வட்டி, தம்பியின் படிப்பு. மறுபக்கம் ஆண்டுக்கு இரண்டு முறை விமானப் பயணம், விடுதி, கைச்செலவு. எழுதி முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். இரண்டு பத்திகளும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்கூட வரவில்லை.

அதன்பின் வேறு கேள்வி வந்தது. நேர்முகத் தேர்வுக்குப் போய்வர மட்டும், தாய்க்கும் மகளுக்குமாக ஏறக்குறைய 1,200 ரிங்கிட் ஆகும். போய், இடம் கிடைக்காமல் போனால்? பலர் தடுமாறுவது இங்கேதான். நான் அன்று சொன்னதையே இன்றும் நேயர்களுக்குச் சொல்கிறேன்: நேர்முகத் தேர்வுக்குப் போவது ஒரு முடிவு, கிடைத்த இடத்தை ஏற்பது இன்னொரு முடிவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். போனால், பிறகு வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு கையில் இருக்கும். போகாவிட்டால், நேர்முகத் தேர்வு கட்டாயமான படிப்பில் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அந்த 1,200 ரிங்கிட், முடிவெடுக்கும் உரிமைக்காகக் கொடுக்கும் விலை.

நான்காம் நாள்: அவள் பேசியது

இவ்வளவு பேரும் பேசினோம், தங்கை பேசவே இல்லை. நான்காம் நாள் இரவு, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, எனக்குத் தூரம் பயமில்ல. நான் போயிட்டா அம்மா ராத்திரி தனியா உட்கார்ந்திருப்பாங்க. அதான் பயம்."

அதைச் சித்தியிடம் அவளே சொல்ல வேண்டும் என்றேன். சொன்னாள். சித்தி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "என்னைச் சாக்கா வச்சு நீ நிக்காத" என்றார். மறுநாள் காலை டிக்கெட் எடுத்தோம்.

அவளைத் தயார்ப்படுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. கேள்வி கேட்பதுதானே என் தொழில். இன்று பல மருத்துவப் பள்ளிகள் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் உருவாக்கிய முறையைக் கையாளுகின்றன. ஒரே குழுவின் முன் நீண்ட நேரம் உட்காருவதற்குப் பதிலாக, மாணவர் பல மேசைகளுக்குச் சில நிமிடங்கள் வீதம் மாறி மாறிப் போவார். ஒரு மேசையில் நெறிமுறைச் சிக்கல், இன்னொன்றில் கோபமாக இருக்கும் உறவினரிடம் பேசுவது, மற்றொன்றில் ஏன் மருத்துவம் என்ற கேள்வி. மனப்பாடம் இதில் எடுபடாது. நாங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் பழகினோம். நான் திருத்தியது ஒன்றைத்தான்: கேள்வி முடியும் முன்பே பதிலைத் தொடங்காதே. வானொலியில் நான் கற்ற முதல் பாடமும் அதுதான்.

போகாதவரும் தவறில்லை

எல்லோரும் போயே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜொகூரிலிருந்து ஒரு நேயர் அழைத்தார். அப்பாவுக்கு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. அழைத்துப் போக இவரைத் தவிர யாரும் இல்லை. கிழக்குக் கரையில் நடந்த நேர்முகத் தேர்வுக்கு அவர் போகவில்லை. வீட்டருகே மருந்தகப் படிப்பில் சேர்ந்து இன்று வேலையில் இருக்கிறார். "வருத்தமில்லையா?" என்று கேட்டேன். "அப்பா இருந்தவரைக்கும் பக்கத்துல இருந்தேன்க்கா" என்றார். காரணத்தைத் தெளிவாகச் சொல்ல முடிந்தவரின் முடிவு அது. 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று சொல்லிச் சொல்லியே நாளைத் தவற விடுவதுதான் பிறகு உறுத்தும்.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டணத்தில் படித்தாலும், பட்டம் பெற்றபின் ஹவுஸ்மன்ஷிப் பயிற்சியும் அதைத் தொடரும் கட்டாயப் பணியும் உண்டு. பணி நியமனம் சபா, சரவாக் உட்பட எங்கும் அமையலாம். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் நியமிக்கப்படுகிறார்கள். நிரந்தர வேலை உறுதியில்லை. எனவே "பக்கத்திலேயே இருப்பாள்" என்ற காரணத்துக்காகவே வீட்டை அடகு வைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தங்கைக்கு இடம் கிடைத்தது. முதல் ஆறு மாதம் சாம்பாருக்கு ஏங்கினாள், அழுதாள், தினமும் அம்மாவுக்கு அழைத்தாள். ஒருமுறை இபான் மக்களின் நீள்வீட்டுக்குப் பயிற்சிக்குப் போனாள். 'நாமா பெரிதா', அதாவது 'என்ன செய்தி' என்று நலம் விசாரிக்கக் கற்றாள். அங்கே ஒரு பாட்டி இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு வந்தார். மறதி இல்லை, கிளினிக்குக்குப் போகும் படகுச் செலவை மிச்சம் பிடிக்கத்தான். "இப்பல்லாம் நோயாளிகிட்ட, 'எப்படி வந்தீங்க'ன்னுதான் முதல்ல கேக்கறேன்" என்று சொன்னாள்.

அழைப்புக் கடிதம் வந்த வீடுகளுக்கு

முதலில், வருகையை உறுதிப்படுத்த வேண்டிய கடைசி நாளைப் பாருங்கள். நேரில்தான் வர வேண்டுமா, இணையம்வழி நடக்குமா என்று அழைத்துக் கேளுங்கள். கல்லூரி எதுவாக இருந்தாலும், அந்தப் பட்டம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். போனால், ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். விடுதியைப் பாருங்கள், மருத்துவமனைக்கு எவ்வளவு நேரமாகிறது என்று பேருந்தில் போய்ப் பாருங்கள், அங்கே படிக்கும் மூத்த மாணவர் ஒருவரிடமாவது பேசுங்கள். நேர்முகத் தேர்வில் அவர்கள் உங்கள் பிள்ளையைப் பார்க்கிறார்கள். அன்றே நீங்களும் அவர்களைப் பார்த்துவிடலாம்.

இதையெல்லாம் பெரியவர்கள் பேசும்போது, படிக்கப் போகும் பிள்ளையும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கட்டும். எங்கள் வீட்டில் அது நான்காம் நாள்தான் நடந்தது. உங்கள் வீட்டில் முதல் நாளே நடக்கட்டும்.