பற்றவைப்பவர் பிழைப்பு

போடிநாயக்கனூருக்கு அருகே, ஏலமலைச் சாரலின் அடியில் ராசிங்காபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பொழுது விடியுமுன்பே ஜீப்பில் ஏறி, ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அநேகர். அப்படிப் போகும் தகப்பனார் ஒருவர் சென்ற வாரம் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"வாத்தியாரய்யா, பையனை வெல்டிங் படிப்பில் சேர்க்கலாமென்று இருக்கிறேன். நான் ஏறின மலையை அவனும் ஏற வேண்டாம். ஆனால், இனிமேல் அந்த வேலையையெல்லாம் ரோபோவே செய்துவிடும் என்கிறார்களே, நிஜந்தானா?" என்று கேட்டார்.

"ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரு சொல்லில் விடை கூற நம்மால் இயலவில்லை. ஒரு குடும்பத்தின் பிற்காலம் அந்தக் கேள்வியில் அடங்கியிருந்தது. ஆகவே நேயர்களுடன் சேர்ந்து விஷயத்தைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

பற்றவைத்தல் நம்மவர்க்குப் புதிதன்று. பொற்கொல்லர் பற்றாசு வைத்து ஊதி நகைகளை ஒட்டுவது பரம்பரை வித்தை. இக்காலத்தில் இத்தொழிலில் இரு வகையினர் இருக்கின்றனர். கையில் ராடு பிடித்து, முகமூடி தரித்து, உருகும் இரும்பைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்துகிறவர் ஒருவர். மற்றவர் யந்திரத்தின் முன் நிற்பவர். அவர் தகடுகளைப் பொருத்திப் பெடலை மிதிப்பார். மின்சாரம், அழுத்தம், நேரம் ஆகியவற்றை அளவாக அமைப்பார். ஒட்டும் காரியத்தை யந்திரம் பார்த்துக்கொள்ளும். கைபேசி செய்யும் சாலைகளிலும் இவ்விதமே. போர்டின் மீது வெள்ளீயப் பசையை ஒரு யந்திரம் அச்சிடுகிறது. நுண்ணிய உறுப்புகளை மற்றொன்று எடுத்து வைக்கிறது. போர்டு சூளைக்குள் ஊர்ந்து போகையில் பசை உருகிப் பற்றிக்கொள்கிறது.

யந்திரக் கரம் தொழிற்சாலைக்குள் புகுந்தது 1961ல். அமெரிக்காவில் நியூஜெர்ஸியிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் சாலையில் சூடான வார்ப்புகளை எடுத்து வைப்பதே அதற்கு முதல் உத்தியோகம். 1969ல் அதே கம்பெனியின் லார்ட்ஸ்டவுன் சாலையில் கார்களின் உடலைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைக்க இத்தகைய கரங்கள் வந்தன. இன்று நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக் கார்ச் சாலைகளிலும் அவையே பொறி பறக்க வேலை செய்கின்றன. ஆதலால், ரோபோ எதிர்காலத்து ஆபத்தன்று. அது வந்து வெகு காலமாயிற்று.

இனி எத்தனை பேருடைய வேலையை அது எடுக்கும்? 2013ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃப்ரே, ஆஸ்போர்ன் என்னும் இரு அறிஞர்கள் 702 தொழில்களை ஆராய்ந்து, அமெரிக்க வேலைகளில் நூற்றுக்கு 47 பெரும் அபாயத்தில் உள்ளன என்று கணித்தனர். பற்றவைக்கும் யந்திரத்தை நடத்துபவரின் வேலை கம்ப்யூட்டர் வசமாகும் சாத்தியம் நூற்றுக்கு 61. கையால் பற்றவைப்பவருக்கோ 94! மூன்று வருஷம் கழித்து, 2016ல், வேறு மூவர் 21 நாடுகளின் வேலைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தொழிலுக்குள்ளும் அடங்கிய தனித்தனிக் காரியங்களைப் பிரித்துப் பார்த்தனர். அவர்கள் கணக்கில் அபாயம் சராசரி நூற்றுக்கு 9 தான்.

47 எங்கே, 9 எங்கே? வெல்டர் நாள் முழுதும் ராடு பிடித்துக்கொண்டே இருப்பதில்லை. படம் பார்க்கிறார், அளக்கிறார், வெட்டுகிறார், கோணலை நிமிர்த்துகிறார், பழுதின் மூலத்தைத் தேடுகிறார். மேலும், யந்திரத்தால் ஒன்று இயலும் என்பது வேறு. அது நடந்தேறும் என்பது வேறு. 94 என்று சொல்லப்பட்ட பின்பும் அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தொழிலில் இருக்கின்றனர்.

ரோபோவுக்கு ஒரே மாதிரிச் சாமான், ஒரே இடத்தில், ஆயிரக்கணக்கில் வந்து நிற்க வேண்டும். நம் மலைப்பக்கத்தில் அப்படியா வருகிறது? ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வெப்பக் குழாய் ஓட்டை விழுகிறது. தோட்டத்து ஜீப்பின் சேஸிஸில் விரிசல் காண்கிறது. ஒன்று போல் மற்றொன்று இராது. இத்தகைய வேலை பட்டறைக்காரரை விட்டு எளிதில் போகாது. பெருஞ் சாலையில் பெடலை மட்டுமே மிதிக்கக் கற்றவருக்குத்தான் அபாயம் கிட்டத்தில் இருக்கிறது. நான்கு பேர் நின்ற இடத்தில் நான்கு கரங்களை நிறுத்தி, ஒருவரை மேற்பார்க்க வைத்தால், மிச்சம் மூவர் எங்கே போவார்கள்?

வேலையை ஒழிப்பது ரோபோ ஒன்று மட்டுமல்ல என்பதையும் மறக்கலாகாது. தெருவில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசி வந்தவரை எந்த யந்திரமும் துரத்தவில்லை. எவர்சில்வர் பாத்திரம் வந்தது, அவர் வரவு நின்றது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசிச் சாலை 2006ல் உற்பத்தி துவக்கிற்று; கிராமங்களிலிருந்து போன இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே பாடுபட்டார்கள். வரித் தகராறு காரணமாக, கைபேசி வியாபாரம் மைக்ரோஸாப்ட் கைக்கு மாறியபோது அந்தச் சாலை மட்டும் சேர்க்கப்படவில்லை. 2014 நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தி நின்றது. அந்தப் பெண்களை வீட்டுக்கு அனுப்பியது யந்திரமன்று. தூர தேசங்களில் எழுதப்பட்ட வியாபார ஒப்பந்தம்.

யந்திரமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அதுவும் நியாயமாகாது. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று 2017ல் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்தியது. அந்தப் புகையை மனிதனுக்குப் பதில் யந்திரம் ஏற்றுக்கொண்டால் நல்லதன்றோ? மகாத்மா காந்தி 1924ல், தாம் எதிர்ப்பது யந்திரத்தையன்று, யந்திர மோகத்தையே என்று விளக்கினார். சிங்கர் தையல் யந்திரத்துக்கு விலக்கும் அளித்தார். உழைப்பவனின் கண்ணையும் நெஞ்சையும் காக்கும் யந்திரம் வரட்டும். ஆனால், லாபம் முதலாளிக்கும் வேலையின்மை தொழிலாளிக்குமாகப் பங்கு பிரிந்தால் அதைத் தேச முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது? யந்திரக் கரத்தை வாங்கும் சாலை, அதுவரை அவ்விடத்தில் நின்றவருக்கு அதை நடத்தவும் கற்றுக்கொடுக்கக் கடமைப்பட்டது.

கற்பிக்க இடமில்லாமலும் இல்லை. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிலையத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975லேயே ஏற்பட்டது. தமிழ்நாடு அரசாங்கம் 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜீஸ் கம்பெனியுடன் சேர்ந்து ரூ.2,877 கோடித் திட்டத்தில் புதுப்பித்திருக்கிறது. ரோபோவை நடத்தும் பயிற்சியும் அதில் அடங்கும். சாதனங்கள் வந்துவிட்டன. நம் கிராமத்துப் பிள்ளைகளின் கை அவற்றின் மேல் படுகிறதா என்பதைப் பெற்றோரும் ஊராரும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ராசிங்காபுரத்துத் தகப்பனாருக்கு நாம் சொன்ன விடை இதுதான்: "வெல்டர் படிப்பு ஒரு வருஷந்தான், எட்டாவது தேறினாலே சேரலாம். இருந்தாலும் பத்தாவதை முடிக்கட்டும். கணக்கு தெரியாதவனுக்குப் படம் பார்க்க வராது. சேர்க்கும் முன்பு நிலையத்துக்குள் போய் பாருங்கள். ராடு மட்டும் பிடிக்கச் சொல்கிறார்களா, யந்திரத்தை அமைக்கவும் பற்றின் பழுதைக் கண்டுபிடிக்கவும் சொல்லித் தருகிறார்களா என்று கேளுங்கள். இரண்டும் உண்டென்றால் தயங்காமல் சேருங்கள்."

அவர் சற்று நேரம் யோசித்தார். "அப்படியானால் அடுத்த திங்கட்கிழமை மலைக்குப் போகவில்லை. நீங்களும் கூட வாருங்கள், ஐயா. எனக்குக் கேட்கத் தெரியாது" என்றார்.

போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.