கேமரா பார்க்கும் சுவர்

'தி மாண்டலோரியன்' தொடரின் நாயகன் தலை முதல் கால் வரை பளபளக்கும் உலோகக் கவசம் அணிந்தவன். அவனைக் கிரீன் மேட் முன்னால் நிறுத்திப் படம்பிடித்தால் கவசமெங்கும் பச்சை படிந்துவிடும். ஃபிரேம் ஃபிரேமாக உட்கார்ந்து அதைத் துடைத்தெடுக்க வேண்டும். 2019இல் வெளிவந்த அந்தத் தொடருக்காக, லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனமான ஐஎல்எம் வேறு வழி கண்டது. 20 அடி உயரம், 75 அடி விட்டம் கொண்ட எல்இடி சுவர், நடிகர்களைச் சுற்றி 270 டிகிரிக்கு வளைந்து நின்றது. தலைக்கு மேலும் எல்இடிதான். பாலைவனமும் அந்தி வானமும் அந்தச் சுவரிலேயே ஓடின. கவசத்தில் பட்டுத் தெறித்ததும் அந்த வானத்தின் வெளிச்சமே.

இதுதான் விர்ச்சுவல் புரொடக்‌ஷன். கேமரா எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கருவிகள் நொடிக்கு நொடி கவனிக்கின்றன. அன்ரியல் என்ஜின் போன்ற மென்பொருள் அதற்கேற்பப் பின்னணியை நகர்த்துகிறது. அதனால் அருகில் உள்ள பாறை வேகமாகவும் தொலைவில் உள்ள மலை மெதுவாகவும் விலகி, தட்டையான சுவருக்கு ஆழம் வந்துவிடுகிறது. சென்னையின் க்யூப் சினிமாவும் ஹைதராபாத் அன்னபூர்ணா ஸ்டுடியோவும் சேர்ந்து அமைத்த தளம், இந்த நுட்பத்தை நம் பக்கத்துக்கும் கொண்டுவந்திருக்கிறது.

இப்படியொரு சுவருக்குத் திரை வாங்குகிறவர்கள் முதலில் மனதில் இருத்த வேண்டியது ஒன்று: அதைப் பார்க்கப்போவது மனிதக் கண் அல்ல, கேமரா. மாநாட்டு மேடையிலும் கல்யாண மண்டபத்திலும் பிரமாதமாகத் தெரியும் திரை, கேமரா முன் திணறிப்போகலாம்.

விலைப்பட்டியலில் முதலில் கண்ணில் படுவது பிக்ஸல் பிட்ச், அதாவது ஒரு பிக்ஸலின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் உள்ள இடைவெளி. மாண்டலோரியன் சுவரில் அது 2.84 மில்லிமீட்டர். இடைவெளி குறையக் குறையப் பிக்ஸல்கள் பெருகும், விலையும் ஏறும். 2.8 மில்லிமீட்டர் பிட்ச்சில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,27,000 பிக்ஸல்கள் அடங்கும், 1.5 என்றால் 4,44,000. பிறகு ஏன் 2.84 போதுமானதாக இருந்தது? ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃபிரேசர் பெரிய சென்சார் கொண்ட கேமராவையும் அனமார்ஃபிக் லென்ஸ்களையும் பயன்படுத்தினார். நடிகர் மேல் ஃபோகஸ் நிற்கும்போது சுவர் மெல்ல மங்கிவிடும். அந்த மங்கல்தான் காப்பு. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் இல்லாத அலைகள் தெரியுமே, சுவரின் பிக்ஸல் வரிசையும் சென்சாரின் பிக்ஸல் வரிசையும் சந்திக்கும்போது அதுவே நடக்கிறது. மொய்ரே என்று பெயர். சுவர் ஃபோகஸுக்குள் வரும்போது அது தலைகாட்டும். எனவே நடிகருக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை அடி விட முடியும், எந்த லென்ஸில் எடுக்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகே பிட்ச்சை முடிவுசெய்ய வேண்டும். தளம் சிறியதென்றால் நுண்ணிய பிட்ச்சுக்குச் செலவழித்தே ஆக வேண்டும்.

அடுத்தது துடிப்பு. எல்இடி தொடர்ந்து எரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. நொடிக்கு 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர் என்றால் ஒரு ஃபிரேமுக்கு வெளிச்சம் கிடைப்பது 1/48 நொடிதான். ரெஃப்ரெஷ் ரேட் 3,840 ஹெர்ட்ஸ் உள்ள திரை அதற்குள் 80 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. மலிவான திரையில் இந்த எண்ணிக்கை குறையும். அப்போது படத்தில் கரும்பட்டைகள் ஓடும். திரையையும் கேமராவையும் ஒரே தாளத்தில் பூட்டும் ஜென்லாக் வசதி இல்லாத திரையை வாங்கவே கூடாது.

'எத்தனை நிட்ஸ் பிரகாசம்?' என்ற கேள்விக்கு விற்பனையாளர்கள் உற்சாகமாகப் பதில் சொல்வார்கள். ஆனால் படப்பிடிப்பில் சுவரைப் பெரும்பாலும் முழுப் பிரகாசத்தில் ஓட்டுவதே இல்லை. வெகுவாகக் குறைத்துத்தான் ஓட்டுகிறார்கள். கேட்க வேண்டியது, குறைந்த வெளிச்சத்தில் நிழல்கள் எப்படி இருக்கும் என்பதை. தரமில்லாத திரையில் இரவு வானம் படிப்படியாக உடைந்து தெரியும். கறுப்பிலும் சாம்பலிலும் சிவப்போ பச்சையோ எட்டிப்பார்க்கும். செட் விளக்குகளின் வெளிச்சம் விழுந்தாலும் கறுப்பு வெளுக்காதபடி, பேனலின் முகப்பு மினுமினுப்பற்றதாக இருப்பதும் முக்கியம்.

முகத்தின் நிறத்துக்கும் கவனம் தேவை. சுவரின் ஒளி சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று குறுகிய கற்றைகளால் ஆனது. சூரிய ஒளியைப் போல எல்லா நிறங்களும் அதில் நிறைந்திருக்காது. அதை மட்டும் நம்பினால் ஸ்கின் டோன் இயல்பாக வராது. அதனால் முகத்துக்குத் தனியாக நல்ல விளக்கு வைக்கிறார்கள். வெள்ளை எல்இடியும் சேர்த்த பேனல்கள் வந்திருப்பதும் இதற்காகவே. தலைக்கு மேல் உள்ள கூரைத் திரை பெரும்பாலும் வெளிச்சம் தருவதற்கு மட்டும் என்பதால் அங்கே பிட்ச் அகலமாக இருந்தாலும் பாதகமில்லை. நிஜத்தையும் மெய்நிகர் காட்சியையும் கலக்கும் எக்ஸ்ஆர் மேடைகளில் தரையும் எல்இடியாக இருக்கும். அங்கே ஆட்களின் எடையைத் தாங்குமா, சாய்வான கோணத்தில் நிறம் மாறுமா என்று பார்த்தாக வேண்டும்.

இவை எதையும் விலைப்பட்டியலை வைத்து முடிவுசெய்ய முடியாது. நீங்கள் பயன்படுத்தப்போகும் கேமராவையும் லென்ஸையும் எடுத்துச் சென்று, ஓர் இரவுக் காட்சியையும் ஒரு மனித முகத்தையும் அந்தத் திரை முன் படம்பிடித்து, பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால், உதிரிப் பேனல்களையும் அதே உற்பத்தித் தொகுதியிலிருந்து அன்றே வாங்கிவிடுங்கள். தொகுதிக்குத் தொகுதி எல்இடியின் நிறம் நூலளவு மாறும். பின்னாளில் பழுதான இடத்தில் வேறு தொகுதிப் பேனலைப் பொருத்தினால், கண்ணுக்குத் தப்பும் அந்த வேறுபாட்டைக் கேமரா விடாமல் பிடித்துவிடும்.