எரிமலையின் விளிம்பில் ஓர் ஆராய்ச்சியாளர்

பொறைக்கு நிலத்தை உவமையாகக் கூறுதல் தமிழ்ப் புலவர் மரபு. தன்னைத் தோண்டுவாரையும் தாங்கி நிற்றலின், நிலம் அசையாப் பொருளென்றே மக்கள் கருதி வந்தனர். ஆயின், எரிமலைகள் உள்ள நாடுகளில் நிலம் மெல்ல உயர்கின்றது, தாழ்கின்றது, சாய்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத இவ்வசைவுகளை நாள்தோறும் அளந்து வந்தால் எரிமலையின் உள்நிலையை ஓரளவு முன்னறியலாம் எனக் கண்டு, அதற்கெனத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர்களுள் ஒருவர் தொமஸ் ஓகஸ்ரஸ் ஜாகர் என்னும் அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர்.

ஜாகர் 1871ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரிற் பிறந்தார். ஹாவாட் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1897இல் கலாநிதிப் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியருமானார். இயற்கையில் நிகழ்வனவற்றை ஆய்வுகூடத்திற் சிறு அளவிற் செய்துபார்ப்பதிலேயே அக்காலத்தில் அவர் நாட்டம் சென்றது. அந்நாட்டத்தை 1902ஆம் ஆண்டின் பேரழிவொன்று வேறு திசைக்குத் திருப்பியது. அவ்வாண்டு மே மாதம் 8ஆந் திகதி, மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான மாட்டினிக்கில் பெலே என்னும் எரிமலை வெடித்தது. அதிலிருந்து பாய்ந்த கொதிவாயுவும் சாம்பரும் செயின்ற் பியர் நகரைச் சில நிமிடங்களில் எரித்தழித்தன. ஏறத்தாழ 28,000 மக்கள் மாண்டனர். இரு வாரங்களுக்குள் அங்கு சென்ற ஆராய்ச்சியாளருள் ஜாகரும் ஒருவர்.

மலை பல நாட்களாகவே புகைந்தும் அதிர்ந்தும் சாம்பர் சொரிந்தும் வந்தது. அக்குறிகளை அளந்து பொருள் கூறுவார் ஒருவரும் அங்கு இருக்கவில்லை. நோயாளி இறந்தபின் நாடி பிடிக்க வரும் வைத்தியரைப் போன்றதே அழிவுக்குப் பின் வரும் ஆராய்ச்சியாளரின் நிலை. எரிமலையின் அருகிலேயே குடியிருந்து, அது உறங்குங் காலத்தும் விழிக்குங் காலத்தும் அதனை நோக்கியிருத்தல் வேண்டும் என்னும் முடிவுக்கு ஜாகர் வந்தார். இத்தாலியின் வெசூவியஸ் மலையில் 1841இலேயே ஆய்வுநிலையம் ஒன்று எழுந்திருந்தது. ஜப்பானில் ஓமோரி என்னும் பேரறிஞர் புவிநடுக்கங்களை நுண்ணிய கருவிகளாற் பதிந்து வந்தார். மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பேராசிரியராயிருந்த ஜாகர், 1909இல் ஜப்பான் சென்று அம்முறைகளை நேரிற் கண்டார்.

அவர் தேர்ந்த இடம் ஹவாயித் தீவிலுள்ள கிலவேயா. அங்கு ஹலேமவுமவு என்னுங் குழியில் உருகிய பாறைக்குழம்பு ஏரியெனத் தளும்பிக் கொண்டிருந்தது. பெலேயைப் போலன்றி, பெரும்பாலும் அமைதியாகப் பொங்கும் இயல்பினதாதலின் அதனை அணுகி ஆராயவும் இயன்றது. 1912இல் அவ்வெரிமலையின் விளிம்பில் ஆய்வுநிலையம் அமைந்தது. பேராசிரியப் பதவியின் வசதிகளைத் துறந்து ஜாகர் அங்கேயே வாழத் தலைப்பட்டார். இனி நகரங்கள் அழியலாகாது என்னுங் கருத்தே இம்முயற்சிக்குத் துணைநின்ற சங்கத்தின் விருதுவாக்காயிற்று.

நிலையத்தின் நிலவறையில் ஓமோரியின் முறையில் அமைந்த புவிநடுக்கப் பதிகருவிகள் வைக்கப்பட்டன. இவற்றின் உறுப்பான கிடைநிலை ஊசல், கம்பத்திற் பூட்டிய படலையை ஒத்தது. கம்பம் நேராக நின்றால் படலை விட்ட இடத்தில் நிற்கும். கம்பம் சிறிது சாய்ந்தாலும், படலை தானே சாய்ந்த பக்கத்துக்குத் திரும்பும். அவ்வாறே நிலம் சாயுந்தோறும் கருவியின் எழுதுகோல் தன் இடத்தை விட்டு விலகியது. நடுக்கத்தைப் பதிய வந்த கருவி, நிலத்தின் சாய்வையும் காட்டியது. மலையடியிற் பாறைக்குழம்பு சேரும்போது உச்சி வீங்கி, நிலம் வெளிப்புறமாய்ச் சாயும்; குழம்பு வடியும்போது உட்புறமாய்ச் சாயும். இதுவே இவ்வளவீட்டின் உட்பொருள்.

1924இல் இவ்வுண்மை பெரிய அளவில் வெளிப்பட்டது. பெப்ரவரியிற் குழம்பேரி வடிந்து மறைந்தது. ஏப்ரலிற் கிழக்கே பூனாப் பகுதியில் நிலம் அடிக்கடி நடுங்கியது. மே மாதத்தில் ஹலேமவுமவு வெடித்து, பல தொன் நிறையுள்ள பாறைகளை வீசியது, ஒருவர் உயிரிழந்தார். நிலமட்ட அளவைகளை ஒப்பிட்டபோது, 1912க்கும் 1921க்குமிடையில் உச்சிப்பகுதி ஏறத்தாழ ஒரு மீற்றர் உயர்ந்ததும், 1927 அளவையிற் குழியின் அருகே மூன்று மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்ததும் தெரியவந்தன. ஜப்பானிய அறிஞர் மோகி, இவ்வளவைகளையும் சக்குராஜிமா எரிமலையின் அளவைகளையும் கொண்டு, நிலமேற்பரப்பின் உயர்வு தாழ்வுகளிலிருந்து குழம்பறையின் ஆழத்தைக் கணிக்கும் முறையொன்றை 1958இல் வெளியிட்டார். அம்முறை இன்றும் பயன்படுகின்றது.

அளவீடு உண்மையாயிருந்தாற் போதாது; அதனைக் கேட்பாரும் வேண்டும். 1923 பெப்ரவரியிற் கம்சற்காவில் நிகழ்ந்த புவிநடுக்கத்தைக் கருவியிற் கண்ட ஜாகர், கடற்பேரலை வருமென ஹிலோத் துறைமுகத்துக்கு அறிவித்தார். அறிவிப்பு பொருட்படுத்தப்படவில்லை, அலை வந்தது, மீனவர் ஒருவர் மாண்டார். 1933இல் ஜப்பானியக் கரையருகே நிலம் நடுங்கியபோது அவர் மீண்டும் எச்சரித்தார். இம்முறை மக்கள் செவிசாய்த்தனர். ஹவாயில் உயிர்ச்சேதம் நேரவில்லை.

ஜாகர் 1940இல் ஓய்வு பெற்று, 1953இல் ஹொனலூலுவிற் காலமானார். 2018ஆம் ஆண்டு கிலவேயா மீண்டும் சீறியது. உச்சி நிலம் இடிந்து தாழ்ந்தது. கிழக்கே பாறைக்குழம்பு 700க்கும் மேற்பட்ட கட்டடங்களை விழுங்கியது. நிலையத்தின் கட்டடமும் நடுக்கங்களாற் சேதமுற்றுக் கைவிடப்பட்டது. எனினும், சாய்வுமானிகளும் செய்மதிவழி அளவைகளும் குழம்பு செல்லும் திசையைத் தொடர்ந்து காட்டியமையால் மக்கள் உரிய காலத்தில் அகற்றப்பட்டனர். குழம்பிற் சிக்கி ஒருவரும் மாண்டிலர். செயின்ற் பியரில் இல்லாதிருந்தது கிலவேயாவில் இருந்தது: நூறாண்டுக்கு மேலாக ஒருநாளும் ஓயாத நோக்கல். எரிமலையை அடக்கும் வலிமை மனிதர்க்கில்லை. அதன் குறியறிந்து விலகும் வழியே அவர்க்குரியது.