உஷார்! கையில் ஓடும் அந்த ‘கரன்ட்’ நின்றுவிட்டதா?

சித்தப்பாவுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியே தெரிந்துவிட்டது. டயாலிசிஸுக்காக முன்கையில் வைத்திருந்த செயற்கைக் குழாய்மேல் விரலை வைத்தால், பூனை உறுமுவதுபோல எப்போதும் ஓர் அதிர்வு இருக்கும். அன்றைக்கு இல்லை. “திங்கக்கிழமை மெஷினுக்குப் போறப்ப சொல்லிக்கலாம்” என்று படுத்துவிட்டார். போதாக்குறைக்கு சித்தி எண்ணெய் போட்டு நீவியும் விட்டிருக்கிறார். திங்கட்கிழமை பார்த்தால் குழாய் நெடுக ரத்தம் உறைந்து கிடந்தது. கழுத்தில் லைன், மறு கையில் மறுபடியும் ஆபரேஷன்.

நத்தம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து டயாலிசிஸுக்காகத் திண்டுக்கல் பஸ் ஏறுகிறவர்களே, காலிலோ இதயத்திலோ பைபாஸ் செய்துகொண்டவர்களே, உங்களுக்குத்தான் இது. ஆபரேஷன் முடிந்ததும் ‘குழாய் மாற்றியாச்சு, இனி பயமில்லை’ என்று இருந்துவிடுகிறோம். தையல் ஆறும் அந்த மாதங்களில்தான் உள்ளே வேலை ஆரம்பமாகிறது.

அடைப்பை உண்டாக்க வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. காயத்தை ஆற்றும் அதே சரக்குதான் குழாயையும் அடைக்கிறது. 1974-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரஸல் ராஸ் குழுவினர் ஒன்றைக் கண்டார்கள்: ரத்தத் தட்டணுக்கள் வெளிவிடும் ஏதோ ஒரு பொருள், தமனிச் சுவரின் தசைச் செல்களைப் பெருக வைக்கிறது. இன்று அதற்குப் பெயர் பி.டி.ஜி.எஃப். வளர்ச்சிக் காரணிகள் என்ற பெரிய குடும்பத்தில் ஒன்று. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணை ஆற்றத் தடவும் ஒருவகை ஜெல்லில் இருப்பதும் இதேதான். காலில் மருந்து, கைக்குழாயில் வில்லன்!

தமனியின் அழுத்தத்தை ஒருநாளும் பார்த்திராத சிரையோடு குழாயைத் தைக்கிறார்கள். தைத்த இடம் காயப்படுகிறது. தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு பி.டி.ஜி.எஃபைக் கொட்டுகின்றன. அடிபட்ட செல்கள் எஃப்.ஜி.எஃப் என்ற இன்னொன்றைக் கசியவிடுகின்றன. சுவருக்குள் சும்மா கிடந்த தசைச் செல்கள் உள்பக்கமாக நகர்ந்து பெருகுகின்றன. அதே குடும்பத்து டி.ஜி.எஃப்-பீட்டா வந்து நார்த்தழும்பைப் பூசுகிறது. முக்கியமாக, குழாய் சிரையோடு சேரும் வாயில்தான் இந்தத் தடிப்பு. ரத்தம் உறையாமல் காக்கும் வழவழப்பான உள்படலமோ மனித உடம்பில் தையலிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் ஊர்ந்து போகிறது. மீதிக் குழாய் வருடக்கணக்கில் மொட்டையாகவே கிடக்கும். சில விலங்குகளில் அது நெடுகப் பரவிவிடுகிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பூட்டு ஊரான திண்டுக்கல்காரர்களுக்குத் தெரியாததா, உள்ளே துரு ஏறுவது வெளியே தெரியாது.

இதை மருந்தால் அடக்கப் பார்க்காமலும் இல்லை. வளர்ச்சிக் காரணிகள் கொடுக்கும் ‘பெருகு’ என்ற கட்டளையைச் செல்லுக்குள்ளேயே தடுக்க, இதய பைபாஸுக்கு எடுத்த சிரையை ஒரு மருந்தில் ஊறவைத்துத் தைத்தார்கள். சுமார் 3,000 பேர் பங்கேற்ற பிரிவென்ட்-4 என்ற அந்த ஆய்வின் முடிவு 2005-இல் வந்தது. மருந்து பெற்றவர், பெறாதவர் இருவரிடமும் பத்தில் நான்கு பேருக்கு மேல் ஒன்றரை ஆண்டுக்குள் ஏதாவது ஒரு சிரையாவது முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. டயாலிசிஸ் குழாயின் கதை இன்னும் மோசம். 649 பேரை வைத்து நடந்து 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஓராண்டு முழுக்கத் தடங்கலில்லாமல் ஓடிய குழாய்கள் 23 சதவீதம். ரத்தத் தட்டணுவை அடக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் 28தான். ஆகவே ‘வளர்ச்சிக் காரணி ஊசி போட்டால் அடைப்பு கரையும்’ என்று யாராவது சொன்னால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

காலையில் பல் தேய்க்கும் முன், ராத்திரி படுக்கும் முன், விரலை வைத்துப் பாருங்கள். அதிர்வு குறைந்தாலோ, நாடி மாதிரி வெறுமனே குதித்தாலோ, ஊசி எடுத்தபின் ரத்தம் நிற்க நேரமானாலோ, கை வீங்கினாலோ உடனே சொல்லிவிடுங்கள். அந்தக் கையில் பி.பி. பார்க்க விடாதீர்கள், ஊசி போட விடாதீர்கள். குடம் தூக்குவது, இறுக்கமான வளையல், அந்தக் கைமேல் படுப்பது எல்லாம் வேண்டாம். நீவுவது கூடவே கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

பைபாஸ்காரர்கள் ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று தாமாக நிறுத்துவதைக் கேட்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. பல் பிடுங்கப் போனாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சுருட்டுக்குப் பேர்போன ஊர் இது. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமே உண்டு. ஆனால் புகைப்பவரின் கால் பைபாஸ் அடைபடும் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு.

அதிர்வு நின்றது ஞாயிறு ராத்திரியானாலும் காத்திருக்க வேண்டாம். உறைந்த ரத்தம் இறுகுவதற்குள் போனால்தான் குழாயைத் திறக்க வழியுண்டு. டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் போட்டுவிட்டே கிளம்புங்கள். அங்கே முடியாதென்றால் மதுரைக்கு அனுப்புவார்கள். காப்பீட்டு அட்டையையும் பழைய ஆபரேஷன் சீட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக அதிர்வு எத்தனை மணிக்கு இருந்தது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.