மீண்டும் ஏறிய நிறை

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் 'மருந்து' என்பது. அதனைப் பண்டித வகுப்பு மாணவர்க்குப் பல்லாண்டு பாடஞ் சொல்லியிருக்கின்றேன். 2023ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று அவ்வதிகாரத்திலிருந்து, அளவறிந்து உண்பதைக் குறித்த குறள் ஒன்றை என் தங்கையின் முகத்துக்கு நேரே சொன்னேன். உறவினர் பலர் கூடியிருந்தனர். அவள் கையிலிருந்த பொங்கற் தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு அடுக்களைக்குட் போய்விட்டாள். யான் சொன்ன குறளிற் சொற்பிழை இல்லை, பொருட்பிழையும் இல்லை. சொன்ன யானே பிழைபட்டேன். அதனைப் பின்னரே உணர்ந்தேன். அவளுடைய ஒப்புதல் பெற்றே இதனை எழுதுகின்றேன்.

என் தங்கையும் ஆசிரியையே. 2016இல் அவளுடைய நிறை 110 கிலோ. சலரோகத்துக்கு நாள்தோறும் இன்சுலின் ஏற்றினாள். முழங்கால் நோவினால் வகுப்பிற் கதிரையை விட்டு எழ அஞ்சினாள். அவ்வாண்டிலே கொழும்பில் அவளுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இரைப்பையின் வெளிவளைவை ஒட்டி முக்காற் பங்கு அல்லது அதற்குச் சற்று மேலான பகுதியை வெட்டி நீக்குவர். எஞ்சுவது ஒரு வாழைப்பழத்தை ஒத்த ஒடுங்கிய குழாய். ஒன்றரை ஆண்டில் அவள் 76 கிலோவுக்கு இறங்கினாள். இன்சுலின் நின்றது. கோயில் வீதியை மூன்று முறை வலம் வந்தாள். ஆசிரியர் அறையில் இதனை யான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பின்னர் நிறை மெல்ல ஏறிற்று. ஆண்டுக்கு ஒன்று, இரண்டு என ஏறியது பிறகு விரைந்தது. 2023இல் 90 கிலோ. "வெட்டியும் அடங்கேல்லை" என்று ஊர் பேசிற்று. ஊர் கொச்சையிற் சொன்னதையே யான் குறளாற் சொன்னேன், வேற்றுமை அவ்வளவே. பொங்கலன்று மாலை அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள்: "அண்ணை, நான் களவாய்த் தின்னேல்லை. எனக்குப் பசிக்குது." அதனை யான் நம்பவில்லை.

கொள்ளைநோய்க் காலமாகிய 2020இல் அவள் சிகிச்சைப் பிரிவுக்குப் போவது தடைப்பட்டது. தடை நீங்கிய பின்னரோ வெட்கம் தடுத்தது. தராசில் ஏறி வைத்தியர் முன் நிற்பதை எண்ணியே நடுங்கினாள். நாள்தோறும் உண்ண வேண்டிய விற்றமின் குளிகைகளையும் கைவிட்டாள். 2024 பிற்பகுதியில் ஒருநாள் பள்ளியிற் காலை வழிபாட்டின்போது மயங்கி வீழ்ந்தாள். இரத்தத்தைச் சோதித்தபோது இரும்புச்சத்தும் பி12 விற்றமினும் மிகக் குறைந்திருந்தன. நிறை கூடியிருந்த உடலிலே சத்து வற்றியிருந்தது. இத்தகைய சத்திரசிகிச்சை பெற்றோர் இரும்பு, கல்சியம், டி, பி12 ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் கவனிக்க வேண்டுமென்பதை யான் அன்றுதான் அறிந்தேன். மீண்டும் கொழும்புக்குப் போனாள். இம்முறை யானும் உடன் சென்றேன்.

வைத்தியர் இளவயதினர். அவர் முதலிற் செய்தது ஒரு கழித்தற் கணக்கு. "எத்தனை கிலோ கூடிவிட்டது?" என்று அவர் கேட்கவில்லை, 110இலிருந்து 90ஐக் கழித்து, "இருபது கிலோ இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது" என்றார். நாங்களெல்லாம் 76இலிருந்து எண்ணிக்கொண்டிருந்தோம். தங்கை அங்கே அழுதாள்.

அவர் சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய பேராய்வு ஒன்றைப் பற்றியும் சொன்னார். நிறை குறைப்புச் சத்திரசிகிச்சை பெற்ற ஏறக்குறைய இரண்டாயிரம் பேரையும், அது பெறாத அதே அளவினரையும் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். 2012இல் வெளியிட்ட கணக்கின்படி, சிகிச்சை பெற்றோரின் நிறை சராசரியாக இரண்டாம் ஆண்டில் 23 வீதம் குறைந்திருந்தது. பத்தாம் ஆண்டில் அக்குறைவு 17 வீதமாயிற்று. இருபதாம் ஆண்டில் 18 வீதம். சிகிச்சை பெறாதவரின் நிறையில் மாற்றமே இல்லை எனலாம். அக்காலத்துச் சத்திரசிகிச்சைகளிற் பெரும்பாலானவை இன்று அருகிப்போன முறைகள். ஆயினும் நிறை இறங்கும் போக்கு ஒன்றே: ஓரிரு ஆண்டில் அடிமட்டத்தைத் தொட்டுப் பின் ஓரளவு ஏறி நிற்கும். என் தங்கை 2023இல் நின்ற இடமும் பதினெட்டு வீதக் குறைவே. இதனைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே எங்கள் குடும்பத்துக்கு யாரேனும் எடுத்துச் சொல்லியிருந்தால், அல்லது சொன்னதை நாங்கள் செவியில் ஏற்றிருந்தால், அந்தப் பொங்கல் நாள் வேறு விதமாகக் கழிந்திருக்கும்.

நிறை ஏன் மீளுகின்றது? உடல் தான் இழந்ததை மீட்கப் போராடுகின்றது. நிறை குறைந்தவன் உடல் ஓய்வாக இருக்கையிற் செலவிடும் சக்தியும் குறைகின்றது. பசிக் குறிப்பு மிகுகின்றது. நிறைவுக் குறிப்பு மங்குகின்றது. இரைப்பையில் ஊறிப் பசியை எழுப்பும் ஓமோன் ஒன்று உண்டு. 1999இல் யப்பானிய விஞ்ஞானியர் கோஜிமாவும் கங்காவாவும் அதனைக் கண்டறிந்து 'கிரெலின்' எனப் பெயரிட்டனர். 'வளர்தல்' என்னும் பொருளுடைய பழைய இந்தோ ஐரோப்பிய வேர்ச்சொல் ஒன்றிலிருந்து அப்பெயரை எடுத்தார்களாம். சொல்லாராய்ச்சியிற் பற்றுள்ள எனக்கு இச்செய்தி இனித்தது. அவ்வோமோன் மிகுதியாக ஊறும் மேற்பகுதியை வெட்டி நீக்கிவிடுவதால் முதலாண்டுகளிற் பசி அடங்குகின்றது. ஆனால் பசி ஓர் ஓமோனை மட்டும் நம்பி நிற்பதன்று.

'பசிப்பிணி' என்பது நம் சொல். மணிமேகலையில் வரும் காயசண்டிகைக்கு எவ்வளவு உண்டாலும் தீராத பசி இருந்தது. 'யானைத்தீ' என்று அதற்குப் பெயர். நாவற்கனியைக் காலாற் சிதைத்தமையால் முனிவர் இட்ட சாபத்தின் விளைவு அது. பன்னீராண்டு துன்புற்றாள். மணிமேகலை அவளை நோக்கி அளவோடு உண்ணுமாறு அறவுரை பகர்ந்தாள் இல்லை. அமுதசுரபியிலிருந்து உணவை எடுத்து ஊட்டினாள். இப்பகுதியையும் ஆண்டுதோறும் படிப்பிப்பவனே யான்!

நிற்க. வைத்தியர் தங்கையிடம் கேட்ட வினாக்கள் என் நெஞ்சில் நிற்கின்றன. என்ன உண்கிறீர்கள் என்பதைவிட எப்பொழுது உண்கிறீர்கள் என்பதையே அவர் நெடுநேரம் கேட்டார். வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்றார். மனநோய் மருந்துகள் சிலவும் ஸ்டீரொயிட் மருந்தும் இன்சுலினும் நிறையை ஏற்றக் கூடியனவாம். தைரொயிட்டைச் சோதிப்பித்தார். எஞ்சிய இரைப்பை விரிந்துள்ளதா என்று படம் எடுப்பித்தார். பெரிய விரிவு இல்லை. கடைசியில், "இரவில் எத்தனை மணிநேரம் உறங்குகிறீர்கள்?" என்றார்.

அவள் உறங்குவதில்லை. எங்கள் தாயார் 2021 தொடக்கம் படுக்கையில் இருக்கின்றார். இரவில் நான்கு முறையேனும் எழுந்து புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். விழித்திருக்கத் தேநீர், பாலும் இரண்டு கரண்டி சீனியும் இட்ட தேநீர். நான்கு கோப்பை என்றால் எட்டுக் கரண்டி, ஏறக்குறைய 40 கிராம் சீனி. கூடவே கிறீம் கிறேக்கர் பிஸ்கற்று நாலைந்து. ஒடுங்கிய இரைப்பை ஒரு பிடி சோற்றையும் மீனையும் தடுத்து, 'போதும்' என்று சொல்லிவிடும். தேநீரையும் நனைந்த பிஸ்கற்றையும் அது தடுப்பதில்லை. அவை வழுவிச் சென்றுவிடும். பகலில் அவள் உண்டது குழந்தையின் உணவளவு. இரவிலேதான் நிறை ஏறிற்று. உறக்கக் குறைவே பசியை மிகுவிக்கும் என்றும் வைத்தியர் சொன்னார். அவள் களவாக உண்ணவில்லை. எங்கள் தாயைக் காத்துக்கொண்டிருந்தாள்.

தாயார் இருப்பது தங்கை வீட்டில். என் வீடு அங்கிருந்து இரண்டு மைல். மூன்றாண்டில் யான் ஓரிரவேனும் அங்கே விழித்திருந்தவன் அல்லன்.

'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது: நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, உழைச்செல்வான். உழைச்செல்வான் என்பவன் நோயாளியின் அருகிருந்து துணைசெய்பவன். பரீட்சைக்கு இதனை நான்கு மதிப்பெண் வினாவாகப் பலமுறை இட்டிருக்கின்றேன். என் தங்கை அன்னைக்கு உழைச்செல்வாளாக இருந்தாள். அவளுக்கு அக்கூற்றில் நின்றவர் எவருமிலர். முதற்கூறு ஒன்றன்மேலேயே பழி முழுவதையும் ஏற்றிவிட்டு அறவுரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் நடந்தவை பெரிய வியப்புகள் அல்ல. வாரத்தில் மூன்றிரவு யான் தாயாரிடம் இருக்கின்றேன். இரண்டிரவுக்கு என் மகன். தேநீரிற் சீனி நின்றது. தட்டில் முதலில் மீன் அல்லது முட்டை அல்லது பருப்பு, பின்னர் மரக்கறி, இடமிருந்தால் மட்டுமே சோறு அல்லது புட்டு. உணவோடு நீர் அருந்துவதில்லை; அரைமணி கழித்தே. மாலையில் நடை, தசை கரையாமலிருக்க நீர் நிறைத்த இரு போத்தல்களைத் தூக்கிப் பயிற்சி. முதல் வாரத்தில் எங்கள் வீட்டுச் சிறுவர் சிரித்தனர். இப்பொழுது அவர்களே எண்ணிக் கொடுக்கின்றனர். குளிகைகள் ஒழுங்காகின்றன.

வேறு வழிகளும் உண்டு. இரைப்பையை மேலும் சிறிய பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் இரண்டாம் சத்திரசிகிச்சை ஒன்று. அதில் ஆபத்து முதலாவதைவிட மிகுதி. செமாகுளூட்டைட், டிர்செபடைட் முதலிய புதிய ஊசி மருந்துகள் வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவன. பசியைத் தணிப்பதில் வல்லவை. சத்திரசிகிச்சையின்பின் நிறை மீண்டோருக்கும் பயன்படுகின்றன. அவற்றின் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டுவதன்று. நிறுத்தினால் நிறை பெரும்பாலும் திரும்பிவிடுகின்றது. முதலில் உறக்கத்தைச் சீர்செய்து பார்ப்போம், வேண்டுமாயின் ஊசியைப் பற்றிப் பின்னர் யோசிப்போம் என்றார் வைத்தியர். ஊசி வேண்டியிருந்தால் அதுவும் வெட்கத்துக்கு உரியதன்று என்று, கேளாமலே, என்னைப் பார்த்துச் சொன்னார். எதற்காக என்னைப் பார்த்தார் என்பது எனக்கு விளங்கிற்று.

2025 ஆவணியில் மறுபடி சென்றோம். தராசில் 84 காட்டிற்று. 76ஐ மீண்டும் காண்பேனா என்று தங்கை கேட்டாள். காணாமற் போகலாம், இங்கே நின்றாலும் நல்லதுதான் என்று வைத்தியர் விடையிறுத்தார். இரத்தத்தில் இரும்புச்சத்து ஏறியிருந்தது; பி12 ஊசியைத் தொடரச் சொன்னார். ஆறு மாதத்தின்பின் வரும்படி அட்டையில் நாள் குறித்தார். அவ்வட்டை இப்பொழுது என் சட்டைப்பையில் இருக்கின்றது.