நீலவரித் தேனீ: ஒன்றா, பலவா?

கம்பம் பள்ளத்தாக்கின் கத்தரி, தக்காளித் தோட்டங்களில் காலை வேளையில் சற்று நின்று கவனியுங்கள். பூவை இறுகப் பற்றிக்கொண்டு உரக்க ரீங்கரிக்கும் தேனீ ஒன்று கண்ணில் படலாம். மார்பில் செம்பழுப்பு மயிர். கறுத்த வயிற்றில் நீலப் பட்டைகள். இதுவே நீலவரித் தேனீ. அமெஜில்லா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இது கூட்டமாக வாழ்வதில்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் மண்சுவரிலோ மேட்டுச் சரிவிலோ தானே வளை தோண்டி முட்டையிடுகிறது.

கத்தரிப் பூவின் மகரந்தம் பையின் நுனித்துளை வழியாகவே வெளிவரும். இத்தேனீ தன் பறப்புத் தசைகளை அதிரச் செய்து, சல்லடையைத் தட்டி மாவை உதிர்ப்பதுபோல் அதை உதிர்க்கிறது. ஆஸ்திரேலிய நீலவரித் தேனீயில் இவ்வதிர்வு வினாடிக்குச் சுமார் 350 என அளந்துள்ளனர். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. மலைமேல் விளையும் ஏலத்துக்கும் இதனுடன் உறவுண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, தோட்ட ஏலத்தில் கூட்டுத் தேனீக்களும், காட்டு ஏலத்தில் அமெஜில்லா போன்ற தனித்தேனீக்களும் மகரந்தம் சேர்ப்பதைக் காட்டியது.

எந்த அமெஜில்லா? இங்கேதான் சிக்கல். 1758-இல் லின்னேயஸ் 'சோனேட்டா' என்ற சிற்றினத்துக்குப் பெயரிட்டார். உருவில் ஒத்த பலவும் பிற்காலத்தில் அப்பெயருக்குள் அடைக்கப்பட்டன. 1854-இல் ஸ்மித் என்பவர் வேறொரு சிற்றினத்துக்கு இட்ட பெயரே 'கன்ஃபியூசா', அதாவது குழப்பத்துக்குரியது!

பட்டைகளை எண்ணினால் போதாதா? போதாது. பொதுவாகப் பெண்ணுக்கு நான்கு பட்டைகள், ஆணுக்கு ஐந்து. ஆகவே எண்ணிக்கை பாலைக் காட்டுமேயன்றிச் சிற்றினத்தைக் காட்டாது. ஐயமிருந்தால் உணர்கொம்பின் கணுக்களை எண்ணலாம்: பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. பட்டையின் நிறத்தையும் நம்புவதற்கில்லை. ஒளி விழும் கோணம் மாறினால் நீலம் பச்சையாகத் தோன்றும். வயதான தேனீயில் மயிர் உதிர்ந்து வெளிறியிருக்கும்.

எனவே ஆய்வாளர்கள் முதலில் ஆண், பெண் எனப் பிரித்து, ஆணை ஆணுடனும் பெண்ணைப் பெண்ணுடனும் ஒப்பிடுகின்றனர். முகத்தின் வெளிர்நிறக் குறிகள், பின்காலின் மயிர்நிறம், பட்டைகளின் அகலம் ஆகியவற்றை நுண்ணோக்கியில் காண்கின்றனர். ஐயம் தீராவிடில் ஆணின் வயிற்று நுனியில் மறைந்துள்ள தகடுகளையும் இனப்பெருக்க உறுப்பையும் பிரித்துப் பார்க்கின்றனர். டி.என்.ஏ.வின் ஒரு சிறு பகுதியைப் படித்து ஒப்பிடுவதும் உண்டு. ஒரு புகைப்படம் இத்தனையையும் காட்டாது.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்கலாம். ஒரே பெயரின்கீழ் மூன்று சிற்றினங்களைச் சேர்த்து எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். மண்சுவர்கள் சிமென்ட் சுவர்களாகும்போது அவற்றுள் ஒன்று அற்றுப்போனாலும், மற்ற இரண்டும் பறந்துகொண்டிருப்பதால் "தேனீ இருக்கிறதே" என்றுதான் குறிப்போம். இழப்பு நம் கணக்கிலேயே வராது.

மாணவர்கள் இன்றே தொடங்கலாம். வளை இருக்கும் இடம், நாள், நேரம், நாடிய பூ, ஆணா பெண்ணா என்பவற்றைக் குறித்து வையுங்கள். சிற்றினம் உறுதியாகாதபோது 'அமெஜில்லா' என்று மட்டும் எழுதி நிறுத்துங்கள். தவறான முழுப்பெயரைவிடச் சரியான பாதிப்பெயர் மேல்.