தண்ணீருக்குள் பச்சைக் கம்பளம்!

கண்ணாடித் தொட்டி. அதில் தண்ணீர். அடியில் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் ஒரே பசுமை! அதன்மேல் மீன்கள் துள்ளி விளையாடுகின்றன.

அது கம்பளம் அல்ல. "குளோசோஸ்டிக்மா" என்ற குட்டிச் செடி. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதன் தாயகம்.

மீன் தொட்டியில் இதை வளர்த்துப் புகழ்பெறச் செய்தவர், ஜப்பானியரான தகாஷி அமானோ (1954-2015). முதலில் சைக்கிள் பந்தய வீரர். பிறகு புகைப்படக் கலைஞர்!

நடுவது எப்படி?

தொட்டியின் முன்பக்கத்தில் சத்துள்ள மண்ணைப் பரப்ப வேண்டும். செடியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, இடுக்கியால் ஓர் அங்குல இடைவெளியில் ஊன்ற வேண்டும். இலை நுனி வெளியே தெரிந்தால் போதும்.

நல்ல விளக்கு தினமும் 8 மணி நேரம் எரிய வேண்டும். வெளிச்சம் குறைந்தால் செடி தரையில் படராது. வெளிச்சத்தைத் தேடி மேலே எழும்பிவிடும். அதற்காகத் தொட்டியை வெயிலில் வைக்காதீர்கள். பாசி பிடித்துவிடும்.

மீனுக்கு ஆபத்து!

செடி வேகமாக வளர, தண்ணீரில் கரியமில வாயுவைச் செலுத்துவது உண்டு. இங்கேதான் எச்சரிக்கை தேவை.

வெளிச்சத்தில் செடி அந்த வாயுவை உண்டு, பிராண வாயுவை வெளிவிடும். இருட்டில் அப்படி அல்ல. செடியும் மீனைப்போலவே பிராண வாயுவை இழுத்து, கரியமில வாயுவை விடும்.

இரவில் குழாயை மூட மறந்தால் என்ன ஆகும்? கரியமில வாயு மிஞ்சிவிடும். விடிந்து பார்த்தால் மீன்கள் செத்து மிதக்கலாம்!

ஆகவே, விளக்கை அணைக்கும் முன்பே வாயுவை நிறுத்துங்கள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால், உடனே தண்ணீரைக் கலக்கிக் காற்றூட்டுங்கள்.

கம்பளம் ஒரு மாதம் தாமதமாக விரியட்டும், நஷ்டம் இல்லை. போன மீன் திரும்பி வருமா?